சங்குக்குக் காது கேட்காது

சேலத்தை ஒட்டிய சிவதாபுரத்தில் எங்கள் வீட்டின் முன்பகுதிதான் கொலுசுப் பட்டறை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாசி மாதப் பிற்பகலில், மெருகு போட்டு முடித்த சலங்கைக் கொலுசுகள் குவிந்திருந்த எவர்சில்வர் தாம்பாளம் மேசை விளிம்பிலிருந்து சரிந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. பற்றவைத்துக்கொண்டிருந்த பெரியவர் பதறி எழுந்தார். அடுக்களையிலிருந்து என் மனைவி ஓடி வந்தார். எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த அம்மாள்கூட எழுந்து எட்டிப் பார்த்தார். தாம்பாளம் விழுந்த இடத்திலிருந்து மூன்றடி தள்ளிப் படுத்திருந்த எங்கள் நாய் சங்கு மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. அவன் வயிறு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சறுக்கி வந்த கொலுசு ஒன்று பின்னங்காலில் பட்டபோதுதான் திடுக்கிட்டு எழுந்து, என்ன நடந்தது என்று அறியாமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான்.

பெரியவர் சற்று நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, இவனுக்குக் காது கேக்காதாட்டம் இருக்குதுங்க" என்றார்.

அதற்கு மூன்று நாள் முன்புதான் அவனை யாரிடமாவது கொடுத்துவிடுவது என்று வீட்டில் முடிவு செய்திருந்தோம். அந்த முடிவுக்கு நாங்கள் வந்த வழியைச் சொல்லாமல் விட்டால் மற்றவர்களுக்கு இந்த அனுபவத்தால் பயனில்லை.

சங்கு ஒரு ராஜபாளையம் நாய். 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அவற்றில் இடம்பெற்ற இனம் இது. நெடிய கால்கள், இளஞ்சிவப்பு மூக்கு, ஒரு புள்ளியும் இல்லாத வெள்ளை உடல் ஆகியவற்றுக்காகவே பலர் தேடி வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தேடினேன். 45 நாள் குட்டியாக அவனை வாங்கப் போயிருந்தபோது, மற்ற குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருக்க, அவன் மட்டும் ஓரத்தில் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். தட்டு வைக்கும் ஓசைக்கு மற்றவை ஓடின. ஓடியவற்றில் ஒன்று அவன் மேல் இடறி விழுந்த பிறகே அவன் எழுந்து பின்தொடர்ந்தான். விற்றவர் "இது ரொம்ப சாதுங்க" என்றார். வீட்டில் சிறு பிள்ளை இருப்பதால் சாதுவான குட்டியே நல்லது என்று எண்ணி, இருந்தவற்றுள் அவனையே தேர்ந்தெடுத்தேன். சங்கு போல வெளுத்திருக்கிறான் என்று அப்போது ஆறு வயதாக இருந்த என் மகள் அவனுக்குப் பெயர் வைத்தாள்.

அடுத்த மூன்றரை மாதங்களில் அவனைப் பற்றி நாங்கள் சொல்லாத குறை இல்லை. பெயர் சொல்லி அழைத்தால் வரமாட்டான். "வேண்டாம்" என்றால் கேட்கமாட்டான். விளையாட்டில் கடிக்கும்போது நாங்கள் எவ்வளவு கத்தினாலும் பிடியைத் தளர்த்தமாட்டான். சில வேளைகளில் காரணமின்றி நீளமாக, விநோதமான குரலில் ஊளையிடுவான். எனக்குத் தெரிந்தவர் மூலம் வந்த பயிற்சியாளர் ஒருவர், இந்த இனமே பிடிவாதமானது என்றும், கழுத்தை இறுக்கும் சங்கிலி போட்டு, சொல் கேளாதபோதெல்லாம் சுருட்டிய செய்தித்தாளால் அடித்தால் வழிக்கு வந்துவிடும் என்றும் சொன்னார். அவர் சொன்னபடி நான் அடித்தேன். ஒரு முறை இரு முறை அல்ல, ஏறக்குறைய ஒரு மாதம் அடித்தேன். எதற்கு அடி விழுகிறது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவே முடியாது என்று இப்போது எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. என் கை உயர்ந்தாலே உடம்பைக் குறுக்கிக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு வந்தது அந்த மாதத்தில்தான். அந்தப் பழக்கம் மறைய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

பிறகு அந்தக் கடி நேர்ந்தது. கட்டிலுக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்தவனை என் மகள் பின்பக்கமாகச் சென்று கட்டிப்பிடித்தாள். அவன் திரும்பிய வேகத்தில் அவள் முன்கையில் பல் பதிந்து இரத்தம் கசிந்தது. உடனே குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் விடாமல் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மூன்று மாதத்திலேயே சங்குவுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருந்தபோதிலும், நாய்க்குப் போட்ட ஊசியை நம்பி மனிதருக்குப் போடவேண்டியதை விட்டுவிடக்கூடாது என்று மருத்துவர் சொன்னார். காயத்தைச் சுற்றி உடனடிப் பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும், தொடக்க நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் எனத் தோலில் போடும் ஊசியும் போட்டார்கள். சங்குவைப் பத்து நாள் கண்காணிப்பில் வைக்கச் சொன்னார்கள். அந்தப் பத்து நாள் முடிந்ததும் அவனை அனுப்பிவிடுவது என்றிருந்தோம். தாம்பாளம் விழுந்தது அந்த இடைவெளியில்தான்.

கண்காணிப்பு நாள்கள் முடிந்ததும் அவனைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். அவர் முதலில் கருவி கொண்டு இரு காதுகளின் உள்ளேயும் பார்த்தார். அழுக்கு அடைப்பு, சீழ், காதுப் பூச்சி போன்றவற்றாலும் கேட்கும் திறன் குறையலாம். அப்படியானால் மருந்தால் சரிசெய்ய வழி உண்டு. சங்குவின் காதுகள் சுத்தமாக இருந்தன. பிறகு என்னை அவன் முன்னால் நிற்கவைத்து முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, அவர் திரைக்குப் பின்னால் நின்று விசிலடித்தார், சாவிக்கொத்தை ஆட்டினார், எவர்சில்வர் கிண்ணத்தைத் தட்டினார். ஒரு காது மடல்கூட அசையவில்லை. வீட்டில் சோதிப்பவர்கள் கவனிக்கவேண்டியது இங்கேதான் இருக்கிறது. கை தட்டினால் காற்று படும். கதவை அறைந்தால் தரை அதிரும். நாயின் கண்ணில் நம் நிழல் பட்டாலும் அது திரும்பும். இவற்றையெல்லாம் பார்த்து "கேட்கத்தானே செய்கிறது" என்று ஏமாந்துபோவோம். நாங்களும் அப்படித்தான் மாதக்கணக்கில் ஏமாந்திருந்தோம். ஒரு காது மட்டும் கேளாத நாயைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அது ஓசையைக் கேட்கும், ஆனால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் தலையை அங்குமிங்கும் திருப்பும். மூளைத்தண்டின் மின்துடிப்பை அளந்து ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சோதிக்கும் முறை உண்டு என்றும், சங்குவைப் பொறுத்தவரை முடிவு தெளிவாக இருப்பதால் அதற்கு அலையவேண்டாம் என்றும் மருத்துவர் சொன்னார்.

காரணத்தையும் அவரே விளக்கினார். உட்காதில் ஓசையை உணரும் மயிரணுக்கள் உயிரோடு இருக்கவேண்டுமானால், அங்குள்ள இரத்தக்குழாய்ப் படலத்தில் நிறமி அணுக்கள் இருக்கவேண்டும். தோலையும் மயிரையும் முற்றிலும் வெண்மையாக்கும் அதே மரபுக்கூறு சில குட்டிகளில் உட்காதிலும் நிறமி அணுக்கள் இல்லாமல் செய்துவிடுகிறது. அதனால் பிறந்த மூன்று, நான்கு வாரங்களுக்குள் அந்தப் படலம் தேய்ந்து, மயிரணுக்கள் மடிந்துவிடுகின்றன. நாய்க்குட்டியின் காது திறப்பதே ஏறக்குறைய இரண்டாவது வாரத்தில்தான் என்பதால், அவன் இவ்வுலகத்தின் ஓசையைக் கேட்டிருந்தால் சில நாள்கள் மட்டுமே கேட்டிருப்பான். டால்மேஷன் நாய்களிலும் இதே சிக்கல் பரவலாக உண்டு. ராஜபாளையம் இனத்தில் தூய வெள்ளையையே எல்லாரும் கேட்பதாலும், நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்ப்பதாலும் கேளாக் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. இதில் விற்றவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புள்ளியில்லாத வெள்ளைக் குட்டிதான் வேண்டும் என்று கேட்டவன் நான். வாங்கப் போகிறவர்கள் குட்டியை உடன்பிறப்புகளிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வைத்துச் சோதித்துப் பார்க்கவேண்டும். கூட்டத்தில் இருக்கும்போது கேளாக் குட்டி மற்றவற்றைப் பார்த்து அப்படியே செய்துவிடும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "இத்தனை நாளா நாமதாங்க அவங்கிட்டப் பேசவே இல்லை" என்றார். அவனைக் கொடுப்பது பற்றிய பேச்சு அதோடு நின்றது.

கற்பித்தலை நாங்கள் எந்தச் சைகையிலிருந்தும் தொடங்கவில்லை, பார்வையிலிருந்து தொடங்கினோம். கேளாத நாய் நம்மைப் பார்க்காதவரை அதற்கு நாம் இல்லை. ஆகவே அவன் தானாகத் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, வேகவைத்த கோழி ஈரலில் ஒரு சிறு துண்டு கொடுத்தேன். துண்டு சுண்டுவிரல் நகத்தின் அளவுக்கு மேல் இருக்கக்கூடாது. பெரிதாக இருந்தால் பத்து முறைக்குள் வயிறு நிறைந்துவிடும். இரண்டு வாரத்தில் அவன் பட்டறையில் எங்கிருந்தாலும் நிமிடத்துக்கு ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினான். அதன்பின் உட்கார உள்ளங்கையை மேலே உயர்த்துவது, வர இரு கைகளையும் அகல விரித்து மார்போடு சேர்ப்பது, நிறுத்த உள்ளங்கையை முன்னே காட்டுவது, முடிந்தது என்பதற்கு வெறுங்கைகளை விரிப்பது என ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். வீட்டில் நால்வரும் நான்கு விதமாகக் கை காட்டினால் அவன் குழம்புவான் என்பதால், மகள் படம் வரைந்து அடுக்களைக் கதவில் ஒட்டினாள். பட்டறைப் பெரியவரும் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டார்.

உறக்கத்திலிருந்து எழுப்பும் பயிற்சிக்குத்தான் அதிக நாள் பிடித்தது. கடித்ததற்குக் காரணமே அதுதான் என்பதால் அதில் நான் அவசரப்படவில்லை. முதலில் அவன் விழித்திருக்கும்போதே தோளில் இரு விரல்களால் மெல்லத் தட்டி, திரும்பியதும் ஈரல் துண்டு கொடுத்தேன். ஒரு நாளில் இருபது, முப்பது முறை, எப்போதும் அதே இடத்தில். தொட்டால் நல்லதே நடக்கும் என்பது மனதில் பதிந்த பிறகு, அரைத்தூக்கத்தில் இருக்கும்போது மூக்குக்கு எதிரே கையை நீட்டி, வாசனை ஏறி மூக்கு அசையும்வரை காத்திருந்து, அதன்பின் தோளைத் தொட்டேன். ஆழ்ந்த உறக்கத்துக்கு இதைக் கொண்டு செல்ல ஏழு வாரம் ஆயிற்று. தரையை உதைத்து எழுப்பலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மரத்தளத்தில் அது பலிக்கும், எங்கள் சிமெண்டுத் தரை அதிர்வை அவ்வளவாகக் கடத்தாது. கேட்கும் நாயாக இருந்தாலும் உறங்குகிற நாயைப் பிள்ளைகள் தொடக்கூடாது என்பதை வீட்டுச் சட்டமாக்கிவிட்டோம். அதன்பின் இன்றுவரை அவன் யாரையும் கடித்ததில்லை.

தெருவில் வேறு வகையான இடர்கள் இருந்தன. நாய்கள் சண்டைக்கு முன் உறுமி எச்சரிக்கும். அந்த உறுமல் சங்குவுக்குக் கேட்காது. அவன் விலகாததைத் தெருநாய்கள் எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளும். ஆகவே எதிரில் நாய் நின்றால் அதன் உதட்டையும் வாலையும் நான்தான் அவனுக்காகப் பார்க்கவேண்டும். பின்னாலிருந்து வரும் மொபெட்டையும் நான்தான் கேட்கவேண்டும். எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும்படி சாலையின் வலப்பக்க ஓரமாகவே அவனை நடத்துகிறேன். கஞ்சமலைப் பக்கம் போனாலும் முப்பதடிக் கயிறு இல்லாமல் விடுவதில்லை. கழுத்துப்பட்டையில் "காது கேளாது" என்றும் எங்கள் கைபேசி எண்ணும் பொறித்த தகடு இருக்கிறது. இரவில் அழைக்க டார்ச் விளக்கைச் சுவரில் இரு முறை சிமிட்டுவேன். லேசர் புள்ளியை மட்டும் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பார்வையையே நம்பி வாழும் நாய் அதைத் துரத்தத் தொடங்கினால், பிறகு சுவரில் அசையும் நிழலையெல்லாம் துரத்திக்கொண்டு ஓய்வின்றி அலையும். அதிர்வு மட்டும் தரும் கழுத்துப்பட்டையைப் பயன்படுத்துவோர் உண்டு. மின்அதிர்ச்சி தரும் பட்டையை எந்தக் காரணத்துக்காகவும் நான் ஏற்கமாட்டேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் ஒரு முறை அவனைத் தொலைத்தேன். என் அக்காவைக் கொடுத்தது ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம். மாமாவுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. போன ஆண்டு கார்த்திகையில் அங்கே போயிருந்தபோது, மாலையில் சங்குவைக் கயிற்றோடு தோட்டத்துக்குள் அழைத்துப் போனேன். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு இடையிலிருந்து ஒரு காட்டுக்கோழி கிளம்பியது, அவன் பாய்ந்தான், கயிற்றின் கொக்கி கழன்றது. கேட்கும் நாயாக இருந்தால் குரல் கொடுத்து நிறுத்தலாம். நான் கையை விரித்தபடி ஓடினேன், ஆனால் அவன் திரும்பிப் பார்க்கும்போது என்னைக் காணமுடியாதபடி சில நிமிடங்களில் மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் காப்பிச்செடியே தெரியவில்லை. அதுவரை நாங்கள் பழகிய சைகை மொழி முழுவதும் அந்தப் பனிக்குள் செயலற்றுப்போயிற்று. கேட்காது என்று தெரிந்தும் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே சரிவில் இறங்கினேன்.

மாமா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "ஓடாதீங்க மாப்பிள்ளை. இருட்டற நேரம், காட்டெருமை வர்ற வழி இது. அவன் மூக்கு எங்கேயும் போகலை" என்றார். அவர் சொன்னபடி, அவன் என்னை விட்டுப் பிரிந்த அதே இடத்துக்குத் திரும்பினோம். என் போர்வையைக் கழற்றித் தரையில் விரித்தேன். காற்று எங்களிடமிருந்து சரிவை நோக்கி வீசுகிறதா என்று மாமா தீக்குச்சி கிழித்துப் புகையைப் பார்த்தார். வண்டியைச் சரிவுக்கு நேராக நிறுத்தி முன்விளக்கை விட்டுவிட்டுச் சிமிட்டினார். நான் நகராமல் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம் கழித்து மூக்கைத் தரையோடு இழைத்துக்கொண்டு, தான் போன தடத்தின் வழியாகவே அவன் வந்து சேர்ந்தான். வயிறெல்லாம் சேறு, காதில் ஒரு கீறல். முதலில் போர்வையை முகர்ந்தான், அதன்பிறகே என்னைப் பார்த்தான்.

தொலைந்த நாயைத் தேடி நான்கு திசையிலும் ஓடுவதைவிட, பிரிந்த இடத்தில் நம் வாசனையோடு காத்திருப்பதே மேல் என்பதை அன்று கற்றேன். மலையில் பனி இறங்கும் மாதங்களில் இப்போது கழுத்துப்பட்டை ஒன்று, மார்புப்பட்டை ஒன்று என இரண்டிலும் கயிறு மாட்டுகிறேன். அவன் கழுத்தில் இரண்டு பித்தளைச் சலங்கைகளைக் கோத்திருக்கிறேன். அந்த ஓசை அவனுக்கு அல்ல, எங்களுக்கு. அன்றிரவு அவன் உடலில் கண்ட உண்ணிகளை அக்காவும் நானும் கிடுக்கியால் ஒவ்வொன்றாகத் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்தோம். வெள்ளை நாயில் அவை உடனே தெரியும் என்றாலும், விரல் இடுக்கிலும் காதின் உட்புறத்திலும் தேடாமல் விடக்கூடாது. அடுத்த சில வாரங்களுக்கு ஈறு வெளுக்கிறதா, காய்ச்சல் வருகிறதா என்றும் பார்க்கவேண்டும். உண்ணிக் காய்ச்சலைத் தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்துவது எளிது.

ஒரு வயதானதும் அவனுக்குக் கருத்தடை செய்துவிட்டோம். நல்ல உயரம், நல்ல வெள்ளை என்று இணை சேர்க்கக் கேட்டு வந்தவர்கள் உண்டு. இக்குறை மரபில் தொடர்வது என்பதால் நான் ஒப்பவில்லை. கேளாத குட்டி பிறந்த பெற்றோரையும், ஒரு காது மட்டும் கேட்கும் உடன்பிறப்புகளையும்கூட இணை சேர்க்கக்கூடாது என்பதே மருத்துவரின் கருத்து. வளர்ப்போர் அதைக் கடைப்பிடிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்களுக்குள் பிணைப்பு உண்டானது சைகைகளால் மட்டும் அல்ல. கேட்கும் நாய் உறக்கத்திலும் நம் காலடியையும் பேச்சையும் கேட்டு, நாம் வீட்டில் இருக்கிறோம் என்று அமைதியாக இருக்கும். சங்குவுக்கு அந்த உறுதி கிடையாது. கண் விழிக்கும்போது நான் இல்லையென்றால் அறை அறையாக ஓடித் தேடுவான், பிறகு அந்த நீளமான குரலில் ஊளையிடுவான். காரணமில்லாமல் ஊளையிடுகிறான் என்று நான் செய்தித்தாளால் அடித்தது அந்த ஊளைக்காகத்தான். இப்போது அவனிடம் சொல்லாமல் நான் வெளியே போவதில்லை. செவ்வாய்ப்பேட்டைக்குச் சரக்குக் கொடுக்கப் புறப்படும்போது, அவன் உறங்கிக்கொண்டிருந்தாலும் அருகில் சென்று மூக்கின் முன் கையை நீட்டுவேன். மூக்கு அசையும். தோளில் இரு விரலால் தட்டுவேன். ஒரு கண்ணை மட்டும் திறப்பான். வாசல் பக்கம் கையைக் காட்டி, பிறகு என் மார்பைத் தொட்டு, திரும்பி வருவேன் என்பேன். சில நொடிகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெருகு இயந்திரத்தின் மரக்காலில் தாடையைச் சாய்த்துக்கொண்டு மறுபடியும் உறங்கிவிடுவான்.